வீட்டோடு மாப்பிள்ளையும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

தலை தீபாவளிக்கு வந்த புது மாப்பிள்ளையின் தட்டில் நல்லி எலும்பு விழுந்ததில் ராஜவேலுவுக்கு வருத்தமே இல்லை. மனைவி சசிகலாவிடம் அப்படித்தான் சொன்னான். ஒரு தடவை சொல்லி நிறுத்தியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள். பாவி மனுஷன், காலை இட்லிக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவில் நாலு தடவை சொன்னான்.

"எலும்பு கடிச்சாத்தான் எனுக்குத் தூக்கம் வருமா? நான் இன்னா கேட்டனா?"

"கேக்கலதான். அப்புறம் ஏன் அதையே சொல்லிக்கினு கீறீங்க?" என்றாள் சசிகலா.

கேட்கவில்லை என்பதுதானே விஷயமே! ஏழு வருஷமாகக் கேட்காமலே வந்துகொண்டிருந்த எலும்பு அது. மாமியார் சுந்தரம்மாள் குழம்புச் சட்டியில் கரண்டியை விட்டுத் துழாவி, அந்த ஒரு துண்டைத் தேடி எடுத்து, "இந்தா வேலு" என்று வைப்பாள். இன்று காலை கரண்டி அவன் தட்டுக்கு மேலே வந்தது, அரை நொடி நின்றது, அப்படியே பக்கத்துத் தட்டுக்குப் போய்விட்டது. அவனுக்கு ரெண்டு துண்டு ஈரல். ஈரலாம் ஈரல்!

பக்கத்துத் தட்டுக்காரன் வெற்றிச்செல்வன். சசிகலாவின் தங்கை ஆனந்தியைக் கட்டி இன்னும் மூணு மாசம் ஆகவில்லை. போளூர்க்காரன், அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் பார்க்கிறவன். எலும்பு அவன் தட்டில், அரைப் பவுன் மோதிரம் அவன் விரலில். ராஜவேலுவின் தலை தீபாவளிக்கு வேட்டி சட்டை கிடைத்தது. மறுநாள் விடியற்காலையே கேமரா பையைத் தூக்கிக்கொண்டு ஒரு காதுகுத்துக்குப் போகும் பாக்கியமும் கிடைத்தது. மாமனார் கோபால்சாமி புதியவனை "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார். ராஜவேலுவையும் அப்படித்தான் கூப்பிட்டார், முதல் ஆறு மாசம். அப்புறம் மாப்ள போய் வேலு ஆனான், 'வாங்க' போய் 'வாப்பா' ஆயிற்று. வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளைக்கு எத்தனை நாள்தான் மரியாதை கொடுத்துக்கொண்டிருக்க முடியும்? அவர்களுக்கும் கை வலிக்கும் இல்லையா?

மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் கீழே ஸ்டுடியோ, மேலே வீடு. மாமனார் படம் பிடிப்பார், ராஜவேலு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி வீடியோ ஆக்குவான். மலையில் நடந்த கல்யாணம், மஞ்சள் நீர், கோயில் திருவிழா எல்லாம் அவன் கையால் போனதுதான். அது போக, தண்ணி மோட்டார் போடுவது, கேஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்றுவது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று வீட்டில் எந்த வேலை என்றாலும் "வேலு!" என்று ஒரு குரல் வரும்.

இத்தனையையும் அவன் ஒரே ஒரு வாக்குக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தான். போளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாமனாருக்கு ஒரு கடை இருந்தது. "அங்க ஒரு ஸ்டுடியோ போட்டு உன் பேர்லயே போர்டு மாட்டித் தர்றேன் வேலு" என்று கல்யாணப் பேச்சிலேயே சொன்னார். ஏழு வருஷமாயிற்று. இப்போதுதான் வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். போர்டு மட்டும் பாக்கி. அந்தப் போர்டை ராஜவேலு கம்ப்யூட்டரில் பதினாலு விதமாக வரைந்து வைத்திருந்தான். சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, பெயருக்குக் கீழே கேமரா போட்டு ஒன்று. வேலை இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்வான்.

அந்த வாக்குக்குத்தான் தீபாவளியன்று வேட்டு விழுந்தது.

இட்லி சாப்பிட்டுக் கை கழுவியதும் வெற்றிச்செல்வன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். கோபால்சாமி ஓடிப்போய்த் தாம்பாளம் எடுத்துவரச் சொன்னார். வெற்றிலை, பழம், மஞ்சள், நடுவில் பெட்டி. ஆனந்தியும் அவனுமாகச் சேர்ந்து கொடுக்க, மாமனார் ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கிராபிக்ஸ் கார்டு மாமா. ஸ்டுடியோவுக்கு. போன வருசத்து மாடலு, ஆனா நல்ல கார்டு. வீடியோ வேலையெல்லாம் பறக்கும்."

"பாத்தியா சுந்தரம்! வந்து மூணு மாசம் ஆவல, நம்ம தொழிலைப் பத்தி யோசிச்சிருக்காரு பாரு!"

ராஜவேலு சுவரைப் பார்த்தான். இதே கார்டு ஒன்று வேண்டும் என்று மூணு தடவை கேட்டவன் அவன். மூணு தடவையும் "இருக்கறதை வெச்சு ஓட்டு வேலு" என்ற பதில்தான் வந்தது. அவனும் ஓட்டினான். தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டரிலும் புராசசருக்கு உள்ளேயே படம் காட்டுவதற்கென்று ஒரு சின்னப் பகுதி இருக்கும். 'உள்ளது' என்று அவன் அதற்குப் பெயர் வைத்திருந்தான். அதை வைத்துத்தான் இத்தனை கல்யாணத்தையும் கரையேற்றினான். மெதுவாகத்தான் ஓடும். ஆனால் ஒரு நாளும் கைவிட்டதில்லை.

வெற்றிச்செல்வன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தான். தூசி தட்டினான், கார்டைச் செருகினான், மூடினான். ஆன் பண்ணும்போதே ஒரு பட்டனைத் தட்டி, செட்டிங் மாற்றுகிற நீலத் திரைக்குள் போனான்.

"உள்ள கீற கிராபிக்ஸை ஆஃப் பண்ணிடுறேண்ணே. கார்டு வந்த பொறவு அது எதுக்கு? சும்மா உக்காந்துக்கினு மெமரியைத் தின்னும்."

"தெண்டத்துக்கு எதுக்கு? எடுத்துடுங்க மாப்ள" என்றார் கோபால்சாமி.

அவன் கம்ப்யூட்டரைத்தான் சொன்னான். ராஜவேலுவுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? 'தின்னும்' என்ற அந்த ஒரு சொல் வயிற்றில் போய் விழுந்து அங்கேயே எரிய ஆரம்பித்தது.

கார்டுக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினார்கள். தேங்காய் உடைக்கப் போனபோது, தண்ணீர் தெறித்தால் கார்டு போய்விடும் என்று வெற்றிச்செல்வன் சிரித்துக்கொண்டே தடுத்தான். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். ராஜவேலுவும் சிரித்தான், கன்னம் வலிக்க.

சாயந்திரம் புது ஜோடி கிளம்பும்போது கோபால்சாமி காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "யோசிச்சுப் பாத்தேன். மாப்ள போளூர்லயே கீறாரு. கடையை அவரே பாத்துக்கினா இன்னா? வேலுவை ஏன் மலைக்கும் ஊருக்கும் அலைய வுடணும்?"

அலைய விட வேண்டாமாம். எவ்வளவு அக்கறை! ராஜவேலுவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வெற்றிச்செல்வன் "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மாமா" என்று நழுவினான். அவனிடம் இதுதான் பெரிய தொந்தரவு. திட்டுவதற்கு ஒரு பிடி கொடுக்கமாட்டான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவான். வாய்க்கு வாய் 'அண்ணே' போடுவான். ஒரு மனுஷனை வெறுப்பதென்றால் அவனும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டாமா?

தீபாவளி திங்கட்கிழமை. செவ்வாய், புதன் கடை திறக்கவில்லை. வியாழக்கிழமை ராஜவேலு பஞ்சாட்சரம் வீட்டுக் கல்யாணத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பஞ்சாட்சரம் மலைப் புளி வாங்கி விற்கிற ஒடுகத்தூர் வியாபாரி, மாமனாரின் நெடுநாள் சிநேகிதர். அவர் மகள் கல்யாணம் ஐப்பசி முதல் வாரமே முடிந்துவிட்டது. வரவேற்பு அடுத்த புதன்கிழமை. மண்டபத்தில் பெரிய திரை கட்டி வீடியோவை ஓட்டப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவரும் சம்சாரமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்வார்கள். இந்த ஸ்டுடியோவில் அது வழக்கம். வீடியோவைக் கடைசியாகச் செய்து முடிக்குமுன் வீட்டுக்காரர்கள் வந்து, 'இந்த அத்தையை இன்னும் ரெண்டு தடவை காட்டு, அந்தச் சித்தப்பாவை வெட்டு' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

படத்தைப் போட்டான். ஓடவில்லை.

சத்தம் ஓடுகிறது, படம் நிற்கிறது. நாதஸ்வரம் ஒரு பக்கம் போக, பெண் இன்னொரு பக்கம் ரெண்டு அடிக்கு ஒரு தடவை குதித்துக் குதித்து வருகிறாள். தீபாவளிக்கு முன்னால் இதே படம் ஒழுங்காக ஓடியதே! ராஜவேலு முதலில் ஒயரை ஆட்டிப் பார்த்தான், அப்புறம் திட்டிப் பார்த்தான், அப்புறம் யோசித்தான்.

வெள்ளிக்கிழமை காலை மாமனார் ஒரு வளைகாப்புக்குக் கேமராவோடு போனபின், கதவைச் சாத்திக்கொண்டு நீலத் திரைக்குள் போனான். வெற்றிச்செல்வன் ஆஃப் பண்ணியிருந்த 'உள்ள'தை ஆன் பண்ணினான். எடிட்டிங் சாஃப்ட்வேரிலும் ஒரு இடத்தில் டிக் போட்டான். கல்யாணத்தைப் போட்டான்.

அம்மாடி! என்ன ஓட்டம்! படம் வழுக்கிக்கொண்டு போயிற்று. மூணு கேமராப் படத்தை ஒரே நேரத்தில் போட்டான், ஓடியது. கலர் ஏற்றினான், ஓடியது. எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக்குகிற ரெண்டரைப் போட்டுவிட்டு எழுந்து டீக்கடைக்குப் போகலாம் என்று செருப்பைத் தேடினான்; கிடைப்பதற்குள் முடிந்துவிட்டது. விஷயம் அவனுக்குப் புரிந்துபோயிற்று. ஆவணியில் வாங்கிய புதுக் கேமரா ஒரு மாதிரியான ஃபைலாகப் படத்தைச் சுருக்கி வைக்கிறது. அந்த ஃபைலைப் பிரித்துக் காட்டும் வேலை இந்தக் கார்டுக்குத் தெரியாது, உள்ளதுக்குத் தெரியும். பிரித்துக் கொடுத்துவிட்டால் கலரும் எஃபெக்ட்டும் ரெண்டரும் கார்டு பார்த்துக்கொள்ளும். ரெண்டும் சேர்ந்திருந்தால் இந்த மலையில் இப்படி ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. அந்தப் பெரிய மனுஷன், கடையில் கேம் ஆடுகிற கம்ப்யூட்டருக்குச் செய்கிற மாதிரியே இதற்கும் செய்துவிட்டுப் போயிருக்கிறான்!

சோதனையாகச் செய்த துண்டு வீடியோவுக்கு ராஜவேலு வழக்கம்போல ஒரு பெயர் வைத்தான். எதை மாற்றிச் சோதித்தாலும் மாற்றியதையே பெயராக வைப்பது அவன் பழக்கம். இல்லாவிட்டால் மறுநாள் குழம்பிவிடும். 'உள்ளது ஆன், சூப்பர்' என்று அடித்தான்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. தப்பான யோசனைதான். ஆனால் இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வெற்றிச்செல்வன் மறுபடியும் வருகிறான். பஞ்சாட்சரமும் வருகிறார். படம் ஓடாமல் நிற்கட்டுமே! மாமனார் கண்ணால் பார்க்கட்டும். சூடம் காட்டிய கார்டின் லட்சணத்தை ஊரும் பார்க்கட்டும். கார்டையே ஒழுங்காகப் போடத் தெரியாதவனுக்குக் கடையைக் கொடுப்பாரா? அதன்பின் எல்லாரும் "வேலு, நீ பாருப்பா" என்று வருவார்கள். அவன் மெதுவாக எழுந்து வந்து ஒரே தட்டில் சரி பண்ணுவான்.

திரும்பவும் நீலத் திரைக்குள் போய் உள்ளதை ஆஃப் பண்ணினான்.

அந்த ரெண்டு நாளும் அவன் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான். மோட்டார் போடும்போது பாட்டு, பால் வாங்கப் போகும்போது பாட்டு. சசிகலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னா, தீபாவளிக்கு மூஞ்சைத் தூக்கிக்கினு இருந்த ஆளு, இப்ப கச்சேரி பண்றீங்க?"

"ஏன், நான் பாடக்கூடாதா? அதுக்கும் போளூர்லேர்ந்து ஆள் வரணுமா?"

"எதுவோ பண்ணி வெச்சுக்கீறீங்க. நல்லதா இருந்தா சரி" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தூறல். பத்து மணிக்குப் பஞ்சாட்சரமும் அவர் சம்சாரம் குப்பம்மாளும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே பைக்கில் நனைந்துகொண்டு ஆனந்தியும் வெற்றிச்செல்வனும் வந்தார்கள். கோபால்சாமி புது மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டு சிநேகிதரிடம், "நம்ம சின்ன மாப்ள. கார்டு வாங்கிப் போட்டவரு இவருதான். இனிமே பாரு, படம் எப்டிப் பறக்குதுன்னு" என்றார்.

'பறக்கும், பறக்கும்' என்று ராஜவேலு மனசுக்குள் சொல்லிக்கொண்டான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதையும் யோசித்தே வைத்திருந்தான். மூணு கேமராப் படமும் ஸ்லோ மோஷனும் இருந்த இடம்தான் அதிகமாகத் திக்கும். முகூர்த்தம்.

"மொதல்ல தாலி கட்டறதையே பாத்துடலாங்க" என்று தட்டினான்.

கெட்டி மேளம் முழங்கியது. பெண் தலை குனிந்தாள். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. மேளம் கொட்டுகிறது, 'அட்சதை போடுங்க' என்று ஒரு குரல் கேட்கிறது, யாரோ 'நல்லா இருங்க' என்று வாழ்த்துகிறார்கள். தாலி மட்டும் கழுத்துக்கு ஏறவில்லை. படம் கொஞ்சம் குதித்து மறுபடியும் நின்றது. மாப்பிள்ளையின் கை இப்போது முன்பைவிடப் பின்னால் இருந்தது.

"ஐயையோ, இன்னாங்க இது!" குப்பம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "தாலி ஏறாம நிக்குதே! எம்பொண்ணு புருசன் வூட்டுக்குப் போயி இருவது நாள்கூட ஆவலயே!"

"ஏய், கம்ப்யூட்டர்தான் நிக்குது, சும்மா இரு" என்றார் பஞ்சாட்சரம். ஆனால் அவர் முகமும் கறுத்துவிட்டது. "கோபாலு, இன்னாபா இது? புதன்கெழம சம்பந்தி வூட்டுக்காரங்க முன்னாடி இப்டி நின்னா நான் எந்த மூஞ்சை வெச்சுக்குவேன்?"

ராஜவேலுவுக்குத் திக்கென்றது. கார்டு நிற்கும் என்று கணக்குப் போட்டவன், நிற்பது தாலி என்பதை யோசிக்கவில்லை. குப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். இருந்தாலும் ஒரு கண் மாமனார் பக்கமே இருந்தது. இப்போது திரும்புவார். புது மாப்பிள்ளையைப் பார்ப்பார். கேட்பார்.

கோபால்சாமி திரும்பினார். ராஜவேலு பக்கம்தான் திரும்பினார்.

"இன்னாடா பண்ணி வெச்சே பொட்டியை? அவரு தங்கமா ஒரு கார்டு போட்டுக் குடுத்துட்டுப் போனாரு, ஒரு வாரம் ஒழுங்கா வெச்சுக்கத் துப்பில்ல! போட்டு ஓட்டி ஓட்டிக் கெடுத்து வெச்சுக்கீறான். இதுல போளூர்ல கடை வேற வேணுமாம். மாப்ள பேர்லயே எழுதிடறேன், நல்லவேளை இப்பவே தெரிஞ்சுது!"

எல்லார் முன்னாலும். ஆனந்தி தலையைக் குனிந்துகொண்டாள். மாடிப்படியில் நின்ற சசிகலா புருஷனையே பார்த்தாள். ராஜவேலுவுக்கு வாய் திறக்க வழி இல்லை. 'இவன்தான் ஆஃப் பண்ணினான்' என்று சொன்னால், 'உனக்கு எப்போது தெரியும்?' என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமையே தெரியும் என்று எந்த வாயால் சொல்வது?

சுந்தரம்மாள்தான் புண்ணியம் கட்டிக்கொண்டாள். வந்தவர்களுக்குப் பலகாரமும் காபியும் கொடுக்க எல்லாரையும் மேலே கூட்டிப் போனாள். "நீங்க வாங்க மாமா, நாங்க ரெண்டு பேரும் பாத்து வெக்கிறோம்" என்று வெற்றிச்செல்வன் பின்தங்கினான். கீழே சகலைகள் ரெண்டு பேரும் மிஞ்சினார்கள்.

வெற்றிச்செல்வன் நாற்காலியில் உட்கார்ந்து எதை எதையோ திறந்து பார்த்தான். நெற்றியில் வேர்வை. "எனுக்கு ஒண்ணும் புரியலண்ணே. கார்டு நல்லாத்தான் கீது. ஏன் நிக்குதுன்னே தெரியல" என்றான். பொய் இல்லை, நிஜமாகவே பயந்திருந்தான். வேறொரு நாளாக இருந்தால் அந்த வேர்வையை ராஜவேலு நாள் முழுக்க உட்கார்ந்து ரசித்திருப்பான்.

கல்யாணம் இருந்த ஃபோல்டரை வெற்றிச்செல்வன் திறந்தான். ஃபைல்களைத் தேதி வாரியாக அடுக்கினான். ராஜவேலுவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, அழிக்க மறந்தது.

'உள்ளது ஆன், சூப்பர்.' வெள்ளிக்கிழமை, பதினொன்று நாற்பது.

வெற்றிச்செல்வனின் கை நின்றது. அதைத் திறந்து பார்த்தான். அதில் தாலி ஏறியது, அழகாக, நிதானமாக, மூணு முடிச்சும் விழுந்தது. மூடினான். பக்கத்திலேயே 'போர்டு' என்று இன்னொரு ஃபோல்டர். எதற்கு அதைத் திறந்தானோ! பதினாலு போர்டும் வரிசையாக வந்து நின்றன. சிவப்பில் ராஜவேலு டிஜிட்டல், நீலத்தில் ராஜவேலு டிஜிட்டல், கேமரா போட்ட ராஜவேலு டிஜிட்டல். எல்லாவற்றிலும் கீழே 'பஸ் ஸ்டாண்டு அருகில், போளூர்'. முதல் போர்டின் தேதி ஏழு வருஷத்துக்கு முந்தியது.

ராஜவேலுவுக்குக் காது ரெண்டும் கொதித்தது. அம்மணமாக நிற்கிற மாதிரி இருந்தது.

"செல்வா, அது வந்து..."

"நேரமில்லண்ணே. அவங்க சாப்ட்டு எறங்கிடுவாங்க." அவன் எழுந்து நாற்காலியை இழுத்து விட்டான். "நீங்க உக்காருங்க."

ராஜவேலு உட்கார்ந்தான். நீலத் திரைக்குள் போனான். அவசரத்தில் ஒரு தடவை தப்பாகத் தட்டி, மறுபடியும் போனான். உள்ளதை ஆன் பண்ணினான். வெற்றிச்செல்வன் பின்னால் நின்று உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கார்டு இருந்தும் உள்ளது வேணுமாண்ணே?"

"இந்தக் கேமரா ஃபைலைப் பிரிக்கிறது கார்டுக்குத் தெரியாது. உள்ளதுதான் பிரிக்கும். மத்தது கார்டு பாத்துக்கும்."

"எனுக்கு இது தெரியாதுண்ணே. கடைல கண்ணை மூடிக்கினு எல்லாத்துலயும் ஆஃப் பண்ணிக்கினு கீறேன்."

"கேம் ஆடறவனுக்கு அது சரி. நமக்கு ஆவாது" என்றான் ராஜவேலு. குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அரை மணி கழித்து எல்லாரும் இறங்கி வந்தார்கள். கெட்டி மேளம் முழங்கியது. பெண் தலை குனிந்தாள், மாப்பிள்ளை கையை நீட்டினான், தாலி ஏறியது. குப்பம்மாள் "அம்மா தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூணாம் தடவையும் போடச் சொன்னாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"பாத்தியா பஞ்சாட்சரம்!" கோபால்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. "மாப்ள ஒரு கை வெச்சாரு, எப்டி ஓடுது பாத்தியா!"

"இல்ல மாமா" என்றான் வெற்றிச்செல்வன். "தப்பு என்னுது. தீபாவளி அன்னிக்கு நான்தான் உள்ள கீற கிராபிக்ஸை ஆஃப் பண்ணி வெச்சேன். அது இல்லாம இந்தப் படம் ஓடாது. அண்ணன்தான் கண்டுபுடிச்சு சரி பண்ணாரு. எனுக்கு ஒண்ணுமே தெரியல."

கோபால்சாமி புது மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். அப்புறம் சிநேகிதர் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா! இன்னா கொணம் பாரு! சகலையை வுட்டுக் குடுக்காம பழியைத் தன் தலைல போட்டுக்கறாரு. இந்தக் காலத்துல எவன் செய்வான்?"

"தங்கமான புள்ளைபா" என்றார் பஞ்சாட்சரம்.

"மாமா, நெசமாவே அண்ணன்தான்..."

"போதும் மாப்ள, எனுக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

அட ராமா! உண்மையைச் சொன்னால்கூட அவனுக்குத்தான் மாலை விழுகிறது. ராஜவேலு எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

பஞ்சாட்சரம் தம்பதி கிளம்பிப் போனபின் வீட்டு ஆட்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். மட்டன் குழம்பு. கோபால்சாமி மடியிலிருந்து போளூர் கடைச் சாவியை எடுத்து வெற்றிச்செல்வன் முன்னால் வைத்தார். ராஜவேலு குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். குழம்பே ஊற்றாமல்.

"மாமா, இது அண்ணனுக்குக் குடுங்க" என்றான் வெற்றிச்செல்வன். "எனுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் தெரியும். கல்யாணத்தை வெட்டி ஒட்டத் தெரியாது. பாத்தீங்களே, தாலி நின்னுபோச்சு. அண்ணன் பேர்ல போர்டு மாட்டுங்க. செவப்பு நல்லா இருக்கும்."

ராஜவேலுவுக்குப் புரையேறியது. சசிகலா தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

கோபால்சாமி சாவியைத் திரும்ப எடுத்தார். "மாப்ளயே சொல்லிட்டாரு. அப்புறம் நான் இன்னா சொல்றது? இந்தா வேலு." சாவி சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. "அவருக்கு நீ கடமைப்பட்டிருக்கணும், ஆமா."

ஏழு வருஷம் காத்த சாவி. அதைத் தூக்கி வீசிவிட்டு எழுந்து போக வேண்டும் என்று ராஜவேலுவுக்கு ஆங்காரம் வந்தது. கை என்னவோ சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிவிட்டது.

சுந்தரம்மாள் குழம்போடு வந்தாள். கரண்டி சட்டியில் துழாவி நல்லி எலும்பை எடுத்து வெற்றிச்செல்வன் தட்டில் வைத்தது. அவன் அதை அப்படியே எடுத்து ராஜவேலு தட்டில் வைத்தான்.

"அண்ணனுக்குப் புடிக்கும்னு ஆனந்தி சொன்னா அத்தே."

"பாரேன், எவ்ளோ பெரிய மனசு!" என்றாள் சுந்தரம்மாள்.

ராஜவேலு எலும்பைப் பார்த்தான். தொடக்கூடாது என்று முடிவு செய்தான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது.

கை கழுவியதும் முதல் வேலையாகக் கீழே ஓடினான். எவன் கண்ணிலும் படுமுன் அந்த ஃபைலை அழித்தாக வேண்டும். ஃபோல்டரைத் திறந்தான். தேதி வாரியாக அடுக்கினான். வெள்ளிக்கிழமை ஒன்றுமே இல்லை. குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தான். அதுவும் துடைத்து வைத்திருந்தது. பதினாலு போர்டும் மட்டும் பத்திரமாக இருந்தன.

வெற்றிச்செல்வன் இதை எப்போது அழித்தான்? எல்லாரும் மூணாம் தடவை தாலியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வாசலுக்குப் போனபோதா? அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பார்வை பார்க்கவில்லை. மேலே ஆனந்தி எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் சொல்லிச் சிரிக்கிறாளோ என்று ராஜவேலு காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

போட்டுக் கொடுத்திருக்கலாம். 'வெள்ளிக்கிழமையே இவருக்குத் தெரியும் மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடை போயிருக்கும், மானமும் போயிருக்கும். போனால் போகட்டும், காலத்துக்கும் அவனை உட்கார்ந்து நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கலாம். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டான், படுபாவி.